நாக்கின் அடியில்

நாரின் நகரில் மூன்றாம் நாளாகப் பனி.
தோலோன் கணவாய் மூடிக் கிடக்கிறது.
மருந்து லாரி அந்தப் பக்கம்,
சீட்டு எழுதும் டாக்டர் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நானும்
நாலு அட்டை வாலிடோலும்.

எசென்கூல் கதவைத் தோளால் தள்ளி வந்தார்.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
மடித்து மடித்து நைந்த சீட்டை
மேசையில் விரித்தார்.
தேதி தீர்ந்து பதினோரு நாள்.
தேதி கிடக்கட்டும் என்றேன்,
இன்றைய தேதி போட்டிருந்தாலும்
எடுத்துத் தர ஒன்றுமில்லை.

எப்படி வலிக்கிறது?
வலி இல்லை என்றார்.
செம்மறி ஒன்று நெஞ்சில் ஏறிப் படுக்கிறது,
மேடு ஏறும்போது மட்டும்.
நின்றால்
எழுந்து போய்விடுகிறது.

அலமாரியைப் பார்த்தேன், பார்க்கத் தேவையில்லாமல்.
வாலிடோல். அது புதினா.
நாக்கின் அடியில் வைத்தால் குளிரும்.
குளிர் நமக்குப் புதிதா?
என் மாமனார் சட்டைப்பையில் அதோடுதான் போனார்,
"ஒன்று வைத்தேன், தேவலாம்" என்று
சொல்லி முடித்த கையோடு.

தோலோனோச் சாறு.
சிவப்புப் பழம், முள்மரம், சாராயத்தில் ஊறியது.
கணவாயின் பெயருக்கும் இதற்கும்
ஓர் எழுத்துதான் தள்ளி.
வாரக்கணக்கில் குடித்தால்
ஏதோ செய்யும் என்கிறார்கள்.
இவருக்கு இருப்பது முக்கால் மணி நேரம்.

பூண்டு.
குதிரைக் கொழுப்பு, இதற்குப் பக்கத்து வீட்டு
பாக்திகுல் சத்தியம் செய்வாள்.
அப்புறம், சீட்டே வேண்டாத ஒன்று:
ஏறாதே, இழுக்காதே,
வயிறு நிறைய உண்டு குளிரில் இறங்காதே,
வீட்டில் இரு.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
வீட்டில் இவர் இருந்தால்
பாதை யார் திறப்பது?

வேறு டிரைவர்?
"கசானில் தார் போடுகிறான்."

இழுப்பறையில் ஒரு பழுப்புக் குப்பி இருந்தது.
நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து
ஒரு விதவை திருப்பிக் கொடுத்தது.
எறிந்திருக்க வேண்டும். சட்டம் அப்படி.
கோடையில் திறந்தது,
காற்றுப் பட்டால் வீரியம் போகும் மருந்து.
எட்டு மாத்திரை, எறும்பின் முட்டை அளவு.

கதவைச் சாத்திவிட்டு
ஒன்றை என் நாக்கின் அடியில் வைத்து
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
எசென்கூல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
முதல் நிமிடம் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் ஒன்றுமில்லை.
பிறகு முகம் சுட்டது,
பொட்டில் யாரோ கதவு தட்டினார்கள்,
மெதுவாக, ஆனால் விடாமல்.
இத்தனை சந்தோஷமாக
எனக்குத் தலை வலித்ததே இல்லை.

"மேலே பனியை உடைக்கிற வெடிக்கு
இது தாயாதியாமே?" என்றார்.
"ஆமாம். அதனால் உட்கார்ந்துகொண்டு வையுங்கள்.
ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால்
வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவில் கத்துங்கள்.
புதினாவை நம்பிக் காத்திருக்க வேண்டாம்."
"கத்தினால் யார் வருவார்கள்?
பாதையைத்தான் நான் இன்னும் திறக்கவில்லையே."

ஏழு மாத்திரையோடு போனார்.
பேரேட்டில் என்ன எழுதுவது?
பேனாவை மூடினேன்.

விடியும் முன்
ஜன்னலில் மஞ்சள் விளக்குச் சுழன்றது.
அவர் வண்டி, பின்னால் லாரி.
இறங்கி வந்து குப்பியை வைத்தார்.
எண்ணுவது என் தொழில்:
ஐந்து.

"ஒன்று நான்," என்றார்,
"வளைவில், செம்மறி வந்தபோது."

மற்றது?

லாரியைக் கைகாட்டினார்.
டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான்,
முகத்தில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.
"இரண்டு இரவாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
மேலே உட்கார்ந்திருந்திருக்கிறான்.
முதுகுக்குப் பின்னால்
உன் பெட்டிகள், முத்திரையோடு.
உடைக்கலாமே என்றேன்.

சீட்டு இல்லையே என்றான்."